சைலன்சர் மாற்றிய ஐந்தாம் நாள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாத மத்தியானத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் எங்கள் தெருவில் நடந்தது இது. இரண்டே முக்காலுக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடிந்துவிட்டது. வெறும் முக்கால் மணி நேரம். நேரில் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், "விடும்மா, அதான் கொழந்த கெடச்சிட்டாளே" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கே இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். நல்ல மனிதர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அவர் வண்டியின் சைலன்சர். வாங்கும்போது வண்டியோடு வந்ததைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வெளியில் வேறு ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். சத்தத்தை அடக்குவதற்காக உள்ளே வைத்திருக்கும் பகுதியை எடுத்துவிட்டு விற்கிறார்களே, அந்த வகை. அது எழுப்பும் சத்தத்தில் எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டெல்லாம் அலமாரியில் நடுங்கும்.

எனக்கோ ஒற்றைத் தலைவலி. இருட்டு அறையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். தெருமுனையில் 'டுபுடுபுடுபு' என்று ஆரம்பிக்கும். யாரோ என் நெற்றிக்குள் உட்கார்ந்து மிளகாய் இடிப்பது போல இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அவர் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"ஜிஎன்டி ரோட்டுல வந்து பாரு. லாரிக்காரன் கண்ணாடிய ஏத்தி வுட்டுகினு பாட்டு கேட்டுகினு வருவான். நான் பக்கத்துல வர்றது அவனுக்கு எப்டித் தெரியும்? சத்தம்தான்மே எனக்குக் காவலு."

"அதுக்குத்தான் மாமா வண்டியில ஹாரன்னு ஒண்ணு வெச்சிருக்கான்" என்பேன்.

கம்பெனி கேட்டில்கூட இந்த மாதிரி வண்டிகளை உள்ளே ஓட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள். வாசலிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வேகாத வெயிலில் அதையும் பெருமையாகத் தள்ளுவார் மனுஷன்.

ஆனால் அந்தச் சத்தத்தைச் சுற்றித்தான் எங்கள் வீடு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசல் குறுகல். தெருவிலிருந்து சரிவாக ஏறித்தான் உள்ளே வர வேண்டும். ஏறும்போது கேட் மூடியிருந்து அவர் நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளும். அதனால் தண்ணீர்த் தொட்டி மூலையில் சத்தம் கேட்டதுமே நான் போய்க் கொண்டியைத் தூக்கி, கேட்டை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, மறுபடி அடுப்படிக்கு வந்துவிடுவேன். ஆறு வருடப் பழக்கம். காதில் விழும், கை போய்த் திறக்கும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கும் சோற்றை அப்படியே போட்டுவிட்டு "அப்பா வண்டி, அப்பா வண்டி" என்று வாசலுக்கு ஓடுவாள். அவர் சில நாள் உள்ளே வரமாட்டார். அவளை வாசலிலேயே தூக்கி டேங்க் மேல் உட்கார வைத்து, தெருக்கோடி வரை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய் வருவார். அப்புறம்தான் வீட்டுக்குள் நுழைவார்கள் இரண்டு பேரும்.

கடைசியில் என் சண்டையை ஜெயிக்க வைத்தது ஒரு சாவு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலையில் இறந்துவிட்டார். சவப்பெட்டியை வாசலில் வைத்து, ஜெபம் நடந்துகொண்டிருந்தது. இவருக்கு விஷயம் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து வழக்கம் போலத் தெருவை அதிர வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கண்ணை மூடி நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இறந்தவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவரே, "மாத்திட்றேன்" என்றார்.

பரணில் போட்ட பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அப்போதுதான் அவரோடு வேலை செய்யும் ஒரு தம்பி ஞாபகத்துக்கு வந்தார். அவரிடமும் அதே மாடல் வண்டி. இவருடையது கறுப்பு, அவருடையது சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தம்பிக்கு எங்கள் சைலன்சர் மேல் வெகு நாளாக ஒரு கண். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கவரைப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக் கடைக்குப் போனார்கள். இதைக் கழற்றி அதில், அதைக் கழற்றி இதில். அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். தம்பி அன்று புது மாப்பிள்ளை மாதிரி வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, "ரொம்ப நன்றி தம்பி, எங்க ஊட்டுப் பேஜார நீ வாங்கிக்கின" என்று கிண்டல் வேறு செய்தேன்.

அடுத்த நாளிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. அவர் எப்போது வந்தார் என்றே தெரியாது. திரும்பிப் பார்த்தால் கூடத்தில் நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார். எனக்குச் சொர்க்கம். மகளுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் தூக்கி டேங்க் மேல் வைத்தால் இறங்கிவிடுவாள். "இது அப்பா வண்டி இல்ல. அப்பா வண்டி எங்க?" என்று கேட்பாள். வண்டி அதேதான் என்று காட்டினாலும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் சிரித்தோம். ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம்.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை. காரப்பொடி மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். மகள் கூடத்தில் டப்பாக்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். மணி இரண்டே முக்கால். தண்ணீர்த் தொட்டி மூலையில் 'டுபுடுபு' கேட்டது.

அடுப்பைச் சிறியதாக வைத்தேன். வாசலுக்குப் போனேன். கொண்டியைத் தூக்கினேன். கேட்டை முழுதாகத் திறந்தேன். மீன் கருகிவிடுமே என்று உள்ளே வந்துவிட்டேன்.

என் பின்னாலேயே "அப்பா வண்டி" என்று மகள் ஓடியது காதில் விழுந்தது. சத்தம் வீட்டு வாசலில் நிற்காமல் தாண்டிப் போனதும் கேட்டது. சரி, அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று போகிறார் என்று நினைத்தேன். மீனைத் திருப்பிப் போட்டேன். சைலன்சர் மாற்றினது, அந்தத் தம்பி, காபி, கிண்டல், ஒன்றுமே அந்த நிமிடம் என் தலையில் இல்லை. ஐந்து நாளாக நான் அனுபவித்த அமைதிகூட ஞாபகம் வரவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். பின்னால் யாரோ நிற்பது மாதிரி இருந்தது. திரும்பினால் வீட்டுக்காரர், கையில் டிபன் பையோடு.

"கேட்டு ஆவுன்னு தொறந்து கெடக்குது. பாப்பா எங்க?" என்றார்.

"உன்கூடத்தான மாமா வந்தா?"

"எங்கூட எப்டி வருவா? நான் இப்பத்தான வரேன்."

வாசலை எட்டிப் பார்த்தேன். வண்டி வாசலில் நின்றிருந்தது. அது வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அப்படியானால் நான் கேட்டது யாருடைய வண்டி என்று ஒரு நொடியில் புரிந்தது.

"கேட்ட யாரு தொறந்தது?" என்றார்.

"அவளே தொறந்திருப்பா. ஸ்டூல் போட்டு ஏறி." என் வாய் சொன்னது.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டூல் வரைக்கும் சொன்னேன் பாருங்கள்.

அவர் அதற்கு மேல் கேட்காமல் வெளியே ஓடினார். எதிர் வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வண்டி பின்னாடியே ஓடிக்கினு இருந்தாளே. அவங்கப்பாதான் வெளையாட்டு காட்டிகினு போறாருன்னு நெனச்சேன்" என்றார். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் என்றால் இவர்தான். வண்டி கறுப்பா சிவப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. நானே பார்க்கவில்லையே.

தெருவின் மறுமுனையில் இடது பக்கம் போனால் ஜிஎன்டி ரோடு, அதாவது ஹைவேஸ். எளாவூர் பக்கம் போகிற லாரிகள் ஒன்றையொன்று முட்டுவது போல ஓடும் ரோடு. வலது பக்கம் வேறு கம்பெனிகள் இருக்கும் கம்பெனி ரோடு. அந்தத் தம்பியின் ஊர் அந்த வழியில்தான். வழக்கமாக அவர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். அன்று மெயின் ரோட்டில் குழாய் போடப் பள்ளம் தோண்டியிருந்ததால் இப்படி வந்திருக்கிறார். "நான் ஹைவேஸ் பக்கம் பாக்கறேன், நீ கம்பெனி ரோட்டுல போ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். போகும்போதே அந்தத் தம்பிக்கு போன் போட்டார்.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். தார் ரோடு காலைச் சுட்டது அப்புறம் கொப்புளம் வந்தபோதுதான் தெரிந்தது. கம்பெனி ரோட்டில் ஓரமாக டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பதினெட்டோ இருபதோ இருக்கும். சரக்கு ஏற்ற டோக்கன் வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக நிற்கும் வண்டிகள். சக்கரம் ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். சிலர் இன்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தார்கள். அந்த உறுமலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதல் லாரிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இருட்டு, கிரீஸ், தொங்கும் சங்கிலி. இரண்டாவதில் ஒருவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் காலி பாட்டில்கள். ஒவ்வொரு முறை குனியும்போதும் அவள் அங்கே இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன், இருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். ஏசப்பா, ஏசப்பா என்பதைத் தவிர வேறு எந்த ஜெபமும் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தக் கத்த அழுகையும் கோபமுமாகத்தான் குரல் வந்தது.

அப்போது வரிசையின் முன்னால் ஒரு விசில் கேட்டது. உடனே முன்னால் நின்ற லாரி 'புஸ்' என்று காற்றை விட்டது. பிரேக்கை எடுத்துவிட்டான் என்று தெரிந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்தாவது லாரியின் நிழலில் ஒரு டிரைவர் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஆந்திரா பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. "ஏம்மா, இன்னா தேடற?" என்றார்.

"எம் பொண்ணு. மூணு வயசு. இந்தப் பக்கம்தான் வந்தா."

"எப்டி வந்தா தனியா?"

"கேட்டத் தொறந்துட்டா அண்ணா. அவளே தொறந்துட்டா." மறுபடியும் அதே பொய். கேட்காததற்கும் சேர்த்து.

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். சக்கரம் கழற்றும் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். ஒவ்வொரு லாரிக் கதவிலும் ஓங்கித் தட்டினார். "நைனா, சாவிய எடு. கீழ எறங்கு. லைன்ல கொழந்த கீது. ஒருத்தனும் வண்டிய அசைக்கக் கூடாது." முன்னால் நின்ற லாரிக்காரர் ஏதோ மறுத்துப் பேசினார் போலிருக்கிறது. இவர் போய் அந்த லாரிக்கு முன்னால் ரோட்டிலேயே நின்றுகொண்டார். கம்பெனி வாசலிலிருந்து காவலாளி வந்து சத்தம் போட்டார். அவரிடமும் தெலுங்கும் தமிழுமாக என்னவோ சொன்னார். ஒவ்வொரு இன்ஜினாக அணைந்தது. டிரைவர்கள் இறங்கிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள்.

அப்படி ஒரு அமைதியை அந்த ரோட்டில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான் ஆசைப்பட்ட அமைதிதான். அதில் என் மகளின் குரல் இல்லை. எல்லாரும் ஆளுக்கொரு லாரியாகக் குனிந்து தேடினார்கள். நானும் என் தொண்டை இருக்கும் வரைக்கும் கூப்பிட்டேன். பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் தூரத்தில் 'டுபுடுபு' கேட்டது. அந்தத் தம்பி. போன் போனதும் திரும்பி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அண்ணி, நான் பாக்கவே இல்ல. பாப்பா கூப்ட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது அண்ணி" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. என் குரலுக்கு அவள் வரமாட்டாள். கோபமாகக் கத்தினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிற குழந்தை அது. நான் கத்திக் கத்தி அவளை இன்னும் உள்ளே துரத்திக்கொண்டிருக்கிறேன்.

"தம்பி, வண்டிய ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு. மெதுவா உருட்டிகினு போ. நல்லா முறுக்கு."

அவர் வண்டியை எடுத்தார். ஆறு வருடம் எந்தச் சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டேனோ, அதே சத்தம். வரிசையாக நின்ற லாரிகளின் இரும்பில் மோதித் திரும்பி வந்தது. "இன்னும் சத்தமா" என்றேன். அவர் முறுக்கினார். "இன்னும்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒன்பதாவது லாரி. பின்பக்க இரட்டைச் சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் தலை. உடம்பெல்லாம் கிரீஸ். ஒரு காலில்தான் செருப்பு. தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து நின்று, சிவப்பு வண்டியைப் பார்த்து, "அப்பா வண்டி" என்றாள்.

நான் குனிந்து பார்த்துவிட்டு, இல்லை என்று தாண்டிப்போன லாரி அது. அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்தும் இருந்தேன். சக்கரங்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததால் கண்ணில் படவில்லை. விசில் ஊதிய பிறகு வரிசை ஒரே ஒரு வண்டி நீளம் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைப்பு அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும்.

தம்பி போன் போட்டதும் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவளைத் தூக்கக்கூட இல்லை. ரோட்டில் அப்படியே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் காவலாளி மறுபடி விசில் ஊத, லாரிகள் நகர ஆரம்பித்தன. அந்த ஆந்திரா டிரைவருக்கு நன்றி சொல்ல ஓடினேன். அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதி வெந்த சோற்றுப் பாத்திரம் காலடியில் இருந்தது. "நல்லாக்கீதா பாப்பா? மொதல்ல கேட்டுக்கு ஒரு பூட்டு போடுமா" என்றார். போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டில் அடுப்பை எதிர் வீட்டு அக்கா அணைத்து வைத்திருந்தார். தெருவே வந்து பார்த்தது. எல்லாருக்கும் நான் ஸ்டூல் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நடந்தது போலவே ஆகிவிட்டது. "எல்லாம் அந்தப் பாழாப்போன சைலன்சரால வந்தது" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தம்பி வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். மறுநாள் வீட்டுக்காரர் பூட்டு வாங்கி மாட்டினார். மகளைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, "இனிமே இத தொறக்கக் கூடாது, சொல்லு" என்றார்.

"நான் தொறக்கல" என்றாள் அவள்.

"பொய் சொல்லாத."

"நான் தொறக்கல ப்பா."

அவர் அவளை அடிக்கிற ஆளில்லை. ஆனால் அன்று சுவர் ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார். "தொறந்தது கூடப் பரவால்ல. பொய் சொல்லப் பழகக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. சுவரோரம் நின்ற என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அம்மாவைக் காட்டிக்கொடுக்கத் தெரியாது. அல்லது தெரிந்தும் செய்யவில்லையோ என்னவோ.

மூன்று வாரம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த பிறகு அந்தத் தம்பி தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வண்டி வந்தது காதில் விழவே இல்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சத்தமில்லாதது மாட்டியிருந்தார். "வேணாம் அண்ணி எனக்கு அது. வண்டிய எடுத்தாலே பாப்பா பின்னாடி ஓடியார மாதிரியே கீது. மூணு வாரமா தூங்கல" என்றார். ஆசையாசையாக வாங்கிக்கொண்டு போன மனிதர் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை மன்னிச்சிடுங்க அக்கா" என்றார்.

வீட்டுக்காரரும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். அந்தத் தம்பி அவளைக் கூப்பிட்டு, "இனிமே கேட்டத் தொறந்துகினு ஓடியாரக் கூடாது, இன்னா?" என்று தலையைத் தடவினார்.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, தொறக்க மாட்டேன்" என்றாள்.

மூன்று வாரத்தில் என் குழந்தை, செய்யாததை ஒத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவ தொறக்கல. நான்தான் தொறந்தேன். சத்தம் கேட்டுது, நீதான் வர்றன்னு நெனச்சி தொறந்து வுட்டுட்டு உள்ள பூட்டேன். ஸ்டூல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தத் தம்பிதான், "வுடுங்க அண்ணி. அந்த நேரத்துல நானா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன்" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். 'எனக்குக் கேட்டிருக்காது அண்ணி' என்று தன் தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டவர் அவர்.

ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். மகள் கையில் ஒரு ஐஸ்கிரீம். "அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்" என்றார். "நீயும் கேட்டுக்க" என்றார். கேட்டேன். அவள் ஐஸ்கிரீமை நீட்டி, "ஒரு வாய் சாப்டு" என்றாள். அவர் என்னோடு சரியாகப் பேச இன்னும் நாலைந்து நாளானது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இப்போது அவளுக்கு ஐந்தரை வயது, பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மத்தியானம் அவளுக்கு ஞாபகமே இல்லை. ரோட்டில் அப்படி ஒரு வண்டி போனால் எனக்குத் தலைவலி வருவதில்லை, மகள் எங்கே என்றுதான் திரும்பிப் பார்க்கிறேன். மகளைக் காணோம் என்ற பயம் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தலையில் பழியைப் போடத் தெரிந்த என் வாயை நினைத்தால் வருகிற பயம் மட்டும் இன்றுவரை தீரவில்லை.